தாத்தாவின் பட்டாள வாழ்க்கையைத் தேடிப் பிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலோ நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலோ (ஐ.என்.ஏ.) இருந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஏறக்குறைய 25 லட்சம் பேர் அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள் ஏராளம். ஆனால் வீடுகளில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு போட்டோ, ஒரு தகரப்பெட்டி, "பர்மாவுல சண்டை போட்டாராம்" என்ற ஒற்றை வாக்கியம்.

தாத்தா மிலிட்டரியில் இருந்தார் என்று மட்டும்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

சர்வீஸ் நம்பரிலிருந்து. பெயரை வைத்துத் தேடினால் ஒரே ரெஜிமென்டில் ஐம்பது முனுசாமிகள் வந்து நிற்பார்கள். நம்பர் ஒருவருக்குத்தான். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு ரெஜிமென்டும், 'கோர்' எனப்படும் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக எண் கொடுத்ததால், நம்பரும் படைப்பிரிவின் பெயரும் சேர்ந்து கிடைத்தால்தான் பயன்.

அது எங்கே இருக்கும்? முதலில் டிஸ்சார்ஜ் புக்கில், அதாவது படையிலிருந்து வெளியே வரும்போது கொடுத்த புத்தகத்தில். அது இல்லையென்றால் பென்ஷன் புத்தகம், மணியார்டர் கூப்பன், பதக்கத்தின் விளிம்பு, பதக்கம் வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, தகரப்பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய எழுத்து. இந்தக் கடைசி இடத்தைப் பலரும் பார்ப்பதில்லை. பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், மூடியின் மேல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பழைய எழுத்தின் மேடு நிழலாகத் தெரியும்.

வீட்டில் எதுவும் இல்லையென்றால் பள்ளிக்கூடச் சான்றிதழ்களைத் தேடுங்கள். முன்னாள் படைவீரர் பிள்ளை என்று சலுகை வாங்கிய அத்தை, பெரியப்பா, சித்தப்பா யாராவது இருந்தால், அவர்கள் கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் நம்பர் இருக்க வாய்ப்பு அதிகம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தாத்தா பதிவு செய்திருந்தால் அங்கேயும் கேட்கலாம்.

எந்தப் படைப்பிரிவு என்றே தெரியவில்லை. வீட்டில் சொல்வதை வைத்து ஊகிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். "பாலம் கட்டினார், கண்ணிவெடி எடுத்தார், பெங்களூரில் ட்ரெய்னிங்" என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ். படைக்குள் அவர்களுக்கு இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். "லாரி ஓட்டினார்", "கோவேறு கழுதை மேய்த்தார்", "ரேஷன் ஏற்றிப் போனார்" என்றால் சர்வீஸ் கோர். "ரோடு போட்டார், கப்பலில் மூட்டை இறக்கினார்" என்றால் பயோனீர் கோர். "ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர்" என்றால் 1943-இல் தொடங்கிய எலக்ட்ரிக்கல் அண்ட் மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் (ஈ.எம்.இ.), அல்லது ஆயுத, தளவாடக் கிடங்குகளைக் கவனித்த ஆர்ட்னன்ஸ் கோர்.

காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமென்டைப் பலரும் முதலில் நினைக்கிறார்கள். ஆனால் அந்த ரெஜிமென்ட் இரு போர்களுக்கும் நடுவே கலைக்கப்பட்டு, 1941-இல்தான் மறுபடி எழுப்பப்பட்டது. தென்னிந்தியர் 'போர்க்குடி' அல்லர் என்று பிரிட்டிஷார் கட்டி வைத்திருந்த கணக்கு, ஆள் பற்றாக்குறை வந்ததும் காணாமல் போனது. ஆகவே 1939, 1940-லேயே சேர்ந்த தமிழர் என்றால் சாப்பர், டிரைவர், ஆஸ்பத்திரி ஆர்டர்லி போன்ற பிரிவுகளை முதலில் பாருங்கள்.

இடப்பெயர்களும் துப்புக் கொடுக்கும். "மணிப்பூர் ரோடு" என்று தாத்தா சொல்லியிருந்தால் அது சாலை அல்ல, நாகாலாந்தின் திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அன்றிருந்த பெயர்; கொஹிமா, இம்பால் போர்முனைக்குச் சாமான் போன முனை அது. "பஸ்ரா", "பாக்தாத்" என்றால் ஈராக்–பாரசீகப் படை. "டோப்ரூக்" என்றால் வட ஆப்பிரிக்கா, "கேசினோ" என்றால் இத்தாலி.

டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள சுருக்கெழுத்துகள் புரியவில்லை.

எம்.இ.எஃப். என்றால் மத்தியக் கிழக்குப் படை, சி.எம்.எஃப். என்றால் இத்தாலியில் இருந்த மத்திய மத்தியதரைப் படை, பைஃபோர்ஸ் என்றால் பாரசீகம்–ஈராக், சியாக் என்றால் தென்கிழக்கு ஆசியக் கமாண்ட். இவற்றுக்கு எதிரே இருக்கும் தேதிகள் கப்பல் ஏறி இறங்கிய தேதிகளாக இருக்கலாம், யூனிட்டில் சேர்ந்த தேதிகளாக அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அடுத்து வரும் தேடல் முழுக்க ஒன்றிரண்டு மாதம் தள்ளிப் போய்விடும்.

நடத்தைக்கான இடத்தில் 'எக்ஸம்ப்ளரி' என்றிருந்தால் அதுதான் உச்சம். அதற்கடுத்து 'வெரி குட்', 'குட்', 'ஃபேர்'. வெளியேறிய காரணத்தைக் கவனமாகப் படியுங்கள். 1945 கடைசியிலிருந்து 1947 வரை படையைச் சுருக்கியபோது லட்சக்கணக்கானவர்களை அனுப்பிவிட்டார்கள். 'ரிலீஸ்' என்பது அதைத்தான் குறிக்கும். 'இன்வாலிட்' என்றால் உடல்நலக் காரணம். அப்படி வந்தவருக்கு ஊனமுற்றோர் பென்ஷன் கிடைத்திருக்கலாம் என்பதால் அதற்கென்று தனிக் கோப்பும் இருந்திருக்கும்.

பிறந்த வருடத்தை நம்ப வேண்டாம். பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்ததும், முப்பது தாண்டியவர் இருபத்தைந்து என்று சொன்னதும் சகஜம். பள்ளிச் சான்று இல்லாதவருக்கு ரெக்ரூட்டிங் ஆபீசர் குத்துமதிப்பாகப் போட்ட வயதுதான் புக்கில் நிற்கிறது. உயரம், மார்பளவு, மச்ச அடையாளம் ஆகியவை மட்டும் நேரில் பார்த்து எழுதியவை. ஒரே பெயரில் இருவர் வந்தால் ஆளைப் பிரித்தறிய மச்சம் உதவும்.

நம்பர் கிடைத்துவிட்டது. யாருக்கு எழுத வேண்டும்?

பிரிட்டிஷ் இந்தியப் படையின் சாதாரணச் சிப்பாய்களின் சர்வீஸ் காகிதங்கள் லண்டனுக்குப் போகவில்லை. அங்கே எழுதிக் காத்திருந்து வருடங்களை வீணாக்கியவர்கள் உண்டு. சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீசில்தான் கேட்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். சர்வீஸ் கோரின் தென்பகுதி ஆவணங்களுக்கும் பயோனீர் கோருக்கும் பெங்களூர்தான். ஈ.எம்.இ., ஆர்ட்னன்ஸ் இரண்டுக்கும் செகந்திராபாத், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்குர்டில் உள்ள மாலுமிகள் ஆவண அலுவலகம். விமானப்படை என்றால் தில்லி சுப்ரதோ பார்க்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நம்பர், பதவி, பெயர் (டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில்), தகப்பனார் பெயர், ஊர், அன்றைய தாலுகா, அன்றைய மாவட்டம், சேர்ந்த வருடம், வெளியே வந்த வருடம். இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு விருதுநகரும் சிவகங்கையும் ராமநாதபுரம் மாவட்டம், வேலூரும் திருவண்ணாமலையும் வட ஆற்காடு, நாமக்கல்லும் தர்மபுரியும் சேலம். கூடவே தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசு அல்லது குடும்ப உறவைக் காட்டும் ஒரு சான்று, உங்கள் அடையாள அட்டை நகல். சுயவிலாசமிட்ட, தபால் தலை ஒட்டிய கவரை வையுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பிச் சீட்டை எடுத்து வையுங்கள்.

"ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வந்தது. அவ்வளவுதானா?

இல்லை. பென்ஷன் இல்லாமல் போனவர்களின் சர்வீஸ் காகிதங்களை, அதாவது 'ஷீட் ரோல்' எனப்படும் முழுக் கோப்பை, 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழிப்பது ராணுவ விதி. 1946-இல் வெளியே வந்தவரின் கோப்பு 1971 வாக்கில் அழிந்திருக்கும். அதைப் பொய் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் 'லாங் ரோல்' என்ற பேரேட்டை அழிப்பதில்லை. ஒருவருக்கு ஒரு வரி: நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம். சில பதிவுகளில் ஊரும் இருக்கும். ஆகவே முதல் கடிதத்திலேயே "ஷீட் ரோல் இல்லையெனில் லாங் ரோல் பதிவின் சான்றிட்ட நகல் தேவை" என்று எழுதிவிடுங்கள். "சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால், அழிக்கப்பட்டது என்ற அச்சடித்த பதில்தான் வரும். கேட்டதற்குத்தான் பதில் சொல்வார்கள். கேட்காததைத் தேடித் தரமாட்டார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

சாதாரணக் கடிதத்துக்கு இரண்டு மூன்று மாதமாகப் பதில் இல்லையென்றால் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்; போஸ்டல் ஆர்டராக அனுப்பலாம், இணையத்திலும் கட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

"தனிநபர் தகவல், தர இயலாது" என்று மறுத்தால் சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு, நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்பு ஆகிய மூன்றைத் தவிர மற்ற விலக்குகள் பொருந்தாது. எண்பது வருடத்துக்கு முன் சிப்பாயாக இருந்தவரின் விவரத்துக்கு இது நேராகப் பொருந்தும்.

இந்தியக் குடிமக்கள் மட்டுமே இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில் குடியுரிமை பெற்ற பேரப்பிள்ளைகள் இங்கிருக்கும் உறவினர் ஒருவர் பெயரில் கேட்க வேண்டியதுதான்.

தாத்தாவின் அண்ணன் போரில் இறந்துவிட்டாராம். எங்கே புதைத்தார்கள் என்று தெரியுமா?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்தபோது இறந்தவர்களை அது சேர்த்துக்கொள்கிறது. சண்டையில்தான் இறந்திருக்க வேண்டும் என்றில்லை. மலேரியாவும் லாரி விபத்தும்கூடக் கணக்கில் உண்டு. உயிரோடு வீடு திரும்பியவரின் பெயர் அதில் இருக்காது. இது தெரியாமல் "தாத்தா பெயரைக் காணோமே, அப்படியானால் பட்டாளத்திலேயே இல்லையா" என்று பயந்துபோகிறவர்கள் நிறைய.

பெயர் கிடைக்காததற்கு முக்கியக் காரணம் எழுத்துக்கூட்டல். இனிஷியல் போடாதீர்கள். முனுசாமிக்கு முனிசாமி, முனிஸ்வாமி, முனுசுவாமி என எல்லா ஆங்கில வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். முத்துவுக்கு ஒற்றை 'டி', 'டிஎச்', இரட்டை 'ஓ' வரை முயற்சி செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால் பெயரை விட்டுவிட்டு, கூடுதல் விவரம் என்ற இடத்தில் ஊர்ப் பெயரையோ பழைய மாவட்டப் பெயரையோ போட்டுத் தேடுங்கள். "இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்னாரின் கணவர்" என்ற வரி பல பதிவுகளில் இருக்கிறது. பேரேட்டுக்கே தெரியாத பாட்டியின் பெயர் அங்கே கிடைத்துவிடும்.

கல்லறை என்று ஒன்று இல்லாமலும் இருக்கலாம். இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்தார்கள். அவர்கள் பெயர்கள் நினைவுச்சுவரில் இருக்கும். கொஹிமாவில் அப்படித் தகனம் செய்யப்பட்ட 917 பேருக்கு ஒரு நினைவிடம் உண்டு. உடல் கிடைக்காதவர்கள் பர்மாவில் என்றால் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் (ஏறக்குறைய 27,000 பெயர்கள்), மலேயாவில் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சியில் (24,000-க்கும் மேல்). இந்தியாவுக்குள்ளேயே முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ இறந்த பலரின் பெயர்கள் தில்லிப் போர்க் கல்லறையில் உள்ள நினைவிடத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. சென்னையில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போகுமுன் இணையத்தில் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். கற்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

பழைய போட்டோவில் யூனிபாரம் போட்டிருக்கிறார். அதிலிருந்து என்ன தெரியும்?

முதலில் சட்டத்திலிருந்து போட்டோவை எடுத்து முதுகைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும். பெங்களூர் ஸ்டூடியோ என்றால் பெரும்பாலும் பயிற்சி முடிந்த கையோடு எடுத்தது.

கைப்பட்டை ஒன்று இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் ஜமேதார், இரண்டு சுபேதார். 'ஜமேதார்' என்ற பதவிக்குத்தான் பின்னாளில் 'நாயப் சுபேதார்' என்று பெயர் மாறியது, ஆகவே "தாத்தா ஜமேதார்" என்றால் ஏளனமாக நினைக்க வேண்டாம். சிப்பாயிலிருந்து மேலே ஏறி அந்த இடத்துக்கு வந்தவர் அவர். தோள்பட்டையின் ஓரத்தில் வளைந்து நிற்கும் பித்தளை எழுத்துகள்தான் பொக்கிஷம். அவைதான் படைப்பிரிவின் பெயர். 1,200 டி.பி.ஐ.-யில் அந்த இடத்தை மட்டும் ஸ்கேன் செய்து பாருங்கள். செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும்.

ஸ்டூடியோக்காரர் வாடகைக்கு வைத்திருந்த தொப்பியையும் பிரம்பையும் வைத்துப் போஸ் கொடுத்த படங்களும் உண்டு. போட்டோவில் ஆபீசர் தொப்பி இருப்பதை மட்டும் வைத்து ஆபீசர் என்று முடிவு கட்டாதீர்கள்.

பதக்கங்களை வைத்து எங்கே போனார் என்று சொல்ல முடியுமா?

முடியும், பதக்கங்கள் அவருடையதுதான் என்று உறுதியானால். ஆறு முனை வெண்கல நட்சத்திரங்கள்தான் போர்முனையைச் சொல்லும். பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11-க்குப் பிந்தைய பர்மாப் போருக்கு. ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் முதல் 1943 மே வரை. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் முதல் 1945 மே வரை. மலேயா, சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி வரை சண்டையிட்டவருக்குப் பசிபிக் ஸ்டார். அது இருந்தால் போர்க் கைதியாக இருந்தாரா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

வட்டமான வார் மெடலுக்கு 28 நாள் பணி போதும், அது ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது. பின்புறம் இந்திய வரைபடம் உள்ள இந்தியா சர்வீஸ் மெடல், இந்தியாவிலேயே போர்முனை அல்லாத இடத்தில் மூன்று வருடம் இருந்தவருக்கு. வீட்டில் அது மட்டும் இருந்து, "பர்மாவில் ஜப்பான்காரனைச் சுட்டார்" என்ற கதையும் இருந்தால், கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்து விசாரியுங்கள்.

விளிம்பில் பெயர் இல்லாமலும் இருக்கலாம், அதனால் போலி என்று அர்த்தமில்லை. பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயர் இருந்தாலும் தேய்ந்துவிடும்.

வீரப் பதக்கம் என்றால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் அறிவிப்பு வந்திருக்கும், அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பரிந்துரைக் கடிதங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 என்ற வரிசையில் உள்ளன. அங்கே தமிழர் பெயர்களைப் பார்க்கலாம். மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியம் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

யூனிட் தெரியும். அது அன்றாடம் என்ன செய்தது என்று அறிய வழி உண்டா?

போர் நாட்குறிப்புகள். அதே கியூ காப்பகத்தில் மத்தியக் கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு 170, தென்கிழக்கு ஆசியாவுக்கு 172. சிப்பாய் பெயர் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் டிஸ்சார்ஜ் புக்கின் தேதிகளை இதன் பக்கத்தில் வைத்தால், எந்த வாரம் எந்த ஆற்றில் பாலம் போட்டார்கள் என்பது வரை தெரிந்துவிடும். கம்பெனி எண் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

தாத்தா நேதாஜி படையில் இருந்தார் என்கிறார்கள். எப்படி உறுதிப்படுத்துவது?

இங்கேதான் இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும், பெரும்பாலான குழப்பம் இதில்தான்.

முதல் வகை, பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது கைதியானவர். பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க்கில் சுமார் 45,000 இந்திய வீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோரை நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். இந்த வகையினருக்குச் சர்வீஸ் நம்பர் உண்டு. போர் முடிந்தபின் பிரிட்டிஷார் இவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். 'கறுப்பு' என்று குறிக்கப்பட்டவர்களைப் பாக்கிச் சம்பளத்தைப் பறித்து டிஸ்மிஸ் செய்தார்கள். ஆகவே 1945, 46-இல் டிஸ்மிஸ் என்ற பதிவைக் கண்டு வீட்டில் யாராவது கூச்சப்பட்டால், முதலில் இதை விசாரியுங்கள்.

இரண்டாம் வகை, மலேயா, சிங்கப்பூர், பர்மாவில் தோட்டத்திலும் துறைமுகத்திலும் கடையிலும் இருந்த தமிழர்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் திரண்டு சேர்ந்தவர்கள் இவர்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் கணிசமானோர் மலேயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். அதன் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அதனால் 'தாத்தா' என்று மட்டும் தேடாதீர்கள், பாட்டியையும் விசாரியுங்கள். இந்த வகையினருக்கு இந்திய ராணுவ ரெக்கார்ட் ஆபீசில் எதுவும் இருக்காது. தில்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகள், அதன் அபிலேக் படல் இணையதளம், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், தாத்தா தியாகி பென்ஷன் கேட்டிருந்தால் அந்தக் கோப்பு: இவைதான் வழி. பென்ஷன் விண்ணப்பத்தோடு சக கைதிகளின் சான்றிதழ் இணைக்க வேண்டியிருந்ததால், மறுக்கப்பட்ட விண்ணப்பத்தில்கூடச் சரக்கு இருக்கும்.

"அப்பாவுக்குச் சந்திரபோஸ் என்று பேர் வைத்தாரே" என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தென் மாவட்டங்களில் போஸ் தொடங்கிய ஃபார்வர்டு பிளாக் கட்சியின் ஆதரவு வீடுகளில் பட்டாளப் பக்கமே போகாதவர்களும் அந்தப் பெயரை வைத்தார்கள்.

"சயாமுக்குப் போய்த் திரும்பினார்" என்கிறார்கள். அதுவும் ராணுவப் பணியா?

பெரும்பாலும் இல்லை. 1942–43-இல் ஜப்பானியர் போட்ட, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். அவர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதால் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இல்லை. காஞ்சனபுரிக் கல்லறையில் தேடி ஏமாறாதீர்கள். அங்கே இருப்பவை போர்க் கைதிகளின் கல்லறைகள்.

கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் பஸ்ராவுக்குப் போனாராம்.

இறந்திருந்தால் அதே ஆணையத்தின் தேடல் உதவும். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. சில ஊர்களில் "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் கொடுத்தனர்" என்ற கல்வெட்டுப் பலகை சாவடியிலோ பள்ளிச் சுவரிலோ பதித்திருக்கும். அதில் எண்ணிக்கைதான் உண்டு, பெயர் இல்லை. உயிரோடு திரும்பியவருக்குக் காகிதம் கிடைப்பது அரிது. அந்தப் போரின் வெள்ளி மெடல் வீட்டில் இருந்தால் விளிம்பில் பெயரும் நம்பரும் பொறித்திருப்பார்கள்.

சமையல்காரராகவோ சலவைக்காரராகவோ இருந்தால் அது ராணுவப் பணியில் சேருமா?

சேரும். 'ஃபாலோயர்' என்று பதிவு செய்யப்பட்டவர்களுக்கும் நம்பர் உண்டு, கப்பல் உண்டு, குண்டும் உண்டு. கல்லறை ஆணையத்தின் பட்டியலில் சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவுப் பணியாளர் என்ற பதவிகளோடு பெயர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே இருக்கின்றன. குடும்பத்தில் இதைச் 'சிப்பாய்' என்று மாற்றிச் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் தேடும்போது பொருந்தாமல் போகிறது. ஜாதியின் பெயரால் ஊருக்குள் செருப்புப் போட முடியாதவர், பட்டாளத்தில் பூட்ஸ் போட்டு, மாதாமாதம் வீட்டுக்கு மணியார்டர் அனுப்பினார். பல வீடுகளில் முதல் காரைச் சுவரும், முதல் பள்ளிப் படிப்பும் அந்தப் பணத்தில் வந்தவை. பதவியின் பெயரை மறைத்தால் இந்தக் கணக்கும் சேர்ந்து மறைந்துவிடும்.

அவர் எதுவும் பேசியதே இல்லை. இப்போது யாரிடம் கேட்பது?

பாட்டி, அத்தை, அவர் கூடப் பிறந்தவர்களின் பிள்ளைகள், அதே ஊரிலிருந்து சேர்ந்த மற்ற வீடுகள். ஒரே நாளில் ஒரே ரெக்ரூட்டிங் முகாமில் சேர்ந்தவர்களுக்கு நம்பர்கள் அடுத்தடுத்து இருப்பது உண்டு, ஆகவே பக்கத்து வீட்டின் டிஸ்சார்ஜ் புக்கும் உதவும்.

"போரைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் "அவர் எங்கே சொன்னார்" என்ற பதில்தான் வரும். மணியார்டர் எவ்வளவு வந்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள், கடுதாசியை யார் படித்துக் காட்டினார்கள், லீவில் வந்தபோது என்ன கொண்டுவந்தார், தூக்கத்தில் கத்துவாரா, பட்டாசுச் சத்தத்துக்கு எழுந்து போய்விடுவாரா, என்ன சாப்பாட்டைத் தொடமாட்டார் என்று கேளுங்கள். இந்தி கெட்ட வார்த்தையும் ரோமன் எழுத்தில் படித்த உருதுவும் அவருக்கு எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். ஒரு உட்காரலுக்கு முக்கால் மணி நேரம் போதும். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் தேதி, பெயர், உறவு மூன்றையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

குடி, கோபம், பிள்ளைகளைப் பெல்ட்டால் அடித்தது போன்றவையும் வெளியே வரும். அவற்றைப் போரின் தலையில் முழுக்கக் கட்டிவிடுவதும் தவறு, மூடி மறைப்பதும் தவறு. சொன்னவர் அனுமதித்தால் அப்படியே எழுதி வையுங்கள். மறுத்தால் ஒலிப்பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, யார் எப்போது கேட்கலாம் என்று ஒரு சீட்டில் குறித்து வையுங்கள்.

எங்களுக்கு ஏதாவது சலுகையோ பென்ஷனோ வருமா?

பேரப்பிள்ளைகளுக்கு, பொதுவாக, வராது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு பெரும்பாலும் மனைவி, மகன், மகள் என்ற அளவோடு நின்றுவிடும். பென்ஷன் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரருக்கும் அவர் கைம்பெண்ணுக்கும் தமிழ்நாடு அரசு மாதாந்திர உதவித்தொகை தருகிறது. பாட்டி உயிரோடு இருந்து இதுவரை கேட்கவில்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால் லாங் ரோல் சான்று அங்கே பயன்படும்.

ஐ.என்.ஏ. வீரர்களுக்கு மத்திய அரசின் தியாகி பென்ஷன் 1972-இல் தொடங்கியது; குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் பொதுவான நிபந்தனை. 1946 பிப்ரவரி கடற்படைக் கிளர்ச்சியில் பங்கெடுத்து வேலை இழந்தவர்களும் இதில் வருவார்கள். வீரருக்குப் பிறகு மனைவி, அவருக்குப் பிறகு திருமணமாகாத, வருமானமில்லாத மகள். பணம் வாங்கித் தருகிறேன் என்று பேரன்களிடம் முன்பணம் கேட்கும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மிலிட்டரி சர்வீசுக்காகக் கொடுத்த நிலம் என்று ஒரு துண்டு இருக்கிறது. விற்கலாமா?

அவசரப்பட்டு அட்வான்ஸ் வாங்காதீர்கள். அது நிபந்தனைப் பட்டாவாக இருக்க வாய்ப்பு உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, தாமே பயிர் செய்ய வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். நிபந்தனையை மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தாலுகா அலுவலகத்தில் 'ஏ' பதிவேடு என்ற நிலப் பதிவேட்டின் நகலும், நிலத்தை வழங்கிய ஒப்படை ஆணையின் நகலும் கேட்டு வாங்குங்கள். ஆணையில் தாத்தாவின் பதவியும் நம்பரும் எழுதியிருக்கும் வாய்ப்பு உண்டு. நம்பர் தேடி அலைந்தவர்களுக்கு இதுவும் ஒரு கதவு.

காகிதங்களை எப்படிப் பாதுகாப்பது?

லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை பரவும், பிறகு பிரிக்கவே முடியாது. குண்டூசி, ஸ்டேப்லர் பின்களை எடுத்துவிடுங்கள். துரு காகிதத்தைத் தின்னும். மடிப்பில் கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். காலி பக்கம், அட்டை, முதுகு உட்பட எல்லாப் பக்கத்தையும் 600 டி.பி.ஐ.-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து மூன்று வீடுகளில் வையுங்கள். அசலை அமிலமற்ற தாளில் சுற்றி, பரணில் அல்லாமல் அறைக்குள் அலமாரியில் வையுங்கள். போட்டோவின் பின்னால் பெயர் எழுத பென்சில்தான், பேனா கூடாது. கடிதம் இருந்தால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் முத்திரையில் உள்ள ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் எண்ணையும் தேதியையும் வைத்து, தணிக்கை செய்தவர் மை பூசி மறைத்த ஊரைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

நாலு பிள்ளைகள், அஞ்சு பதக்கம். யார் வைத்துக்கொள்வது?

பிரிக்காதீர்கள். ஒரு ரிப்பனிலிருந்து கழற்றி ஆளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால், அடுத்த தலைமுறையில் எது யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது. வரிசையாக வைத்து முன்னும் பின்னும் விளிம்பும் படமெடுத்து, தாத்தாவின் பெயர், நம்பர், பிரிவு எழுதிய ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அசல் ஒரு வீட்டிலும் நகல் மற்ற வீடுகளிலும் இருக்கட்டும். எந்த வீடு என்று சண்டை வந்தால், டிஸ்சார்ஜ் புக் இருக்கும் வீட்டுக்கே பதக்கங்களும் போகட்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஒன்றுக்கொன்று சாட்சி.